வேலிக்கு வெளியே நீண்ட குழாய்

வெயிலில் கிடந்த ரப்பர் குழாயில் முதலில் வருகிற தண்ணீர் சுடும், ரப்பர் வாடை அடிக்கும். அதைக் கீழே விட மனசு வராமல் அதையும் குடத்தில்தான் பிடிப்பேன். அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கலாம். நெய்வேலிச் சுரங்கத்துக் குவார்ட்டர்ஸ் வேலியை ஒட்டினாற்போல எங்கள் ஊர். அம்மா என் தம்பியைப் பெற்றுப் படுத்திருந்த கோடையில் எங்கள் கிணறு வற்றிவிட்டது. சுரங்கம் தோண்ட நிலத்தடித் தண்ணீரை இறைத்து வெளியேற்றுகிறார்கள், அதனால்தான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பச்சை உடம்புக்காரிக்கு வெந்நீர் வைக்கக்கூட வீட்டில் தண்ணீர் இல்லை. அப்பா விடிந்ததும் முந்திரித் தோப்புக்குக் கூலிக்குப் போய்விடுவார். குடம் என் இடுப்புக்கு வந்தது.

வேலியில் இருந்த சந்தில் நுழைந்து, செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். நான் யார், எந்தத் தெரு என்று அவர் கேட்கவில்லை. குடத்தை வாங்கித் தோட்டத்துக் குழாயடியில் வைத்தார். தெற்கத்திப் பேச்சு. "மெல்லத் தூக்கு பிள்ளே" என்பார்.

நாலைந்து நாள் கழித்துப் போனபோது சந்தை முள்போட்டு அடைத்திருந்தார்கள். அந்த அம்மா உள்ளே நின்றபடியே ரப்பர் குழாய் ஒன்றை வேலிக்கு வெளியே நீட்டி நிரப்பிவிட்டார். அதை வீட்டில் சொன்னேன். அம்மா பாயிலிருந்து எழுந்து வந்து குடத்தை வாசலில் கவிழ்த்தாள்.

"வேலிக்கு அந்தாண்ட நிக்க வச்சி ஊத்துறாளா? நாம என்னா அவ வூட்டு மாடா? நாக்கு வறண்டு செத்தாலும் அந்தத் தண்ணி வேணாம்."

அன்று அப்பா எங்கோ அலைந்து அரைக்குடம் கொண்டுவந்தார். அம்மாவுக்குப் பாலும் வற்றிக்கொண்டு வந்தது. தம்பி அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தான்.

மறுநாள் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மாவே வேலிக்கு வந்தாள், சண்டைக்கு. பின்னால் நான், வெறுங்குடமும் அதன்மேல் கவிழ்த்த சொம்புமாக.

"ஏங்க, எம் பொண்ணு உள்ள வந்தா உங்களுக்குத் தீட்டாயிடுமா?"

அந்த அம்மா கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு வெளியே எங்களிடம் வந்தார். மூச்சு வாங்கியது.

"யக்கா, உள்ள வந்தா பிள்ளையப் பிடிச்சு வச்சிருவேன்னு வாட்ச்மேன் சொல்லிட்டுப் போயிருக்கான். வெளிய நின்னா அவன் கேக்க முடியாதுல்லா? அதுக்குத்தான் குழாய் வாங்கினேன்."

குடத்தை நிரப்பினார். பிறகு எங்கள் சொம்பை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். "தாகமா இருக்கு. நீங்க ஊத்துங்க."

அம்மா குடத்தைச் சாய்த்துச் சொம்பில் ஊற்றிக் கொடுத்தாள். அவர் எங்கள் சொம்பில் வாய்வைத்துக் குடித்தார். அம்மா, "இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?" என்றாள்.

மழை வரும்வரை அந்தக் குழாய் வேலிக்கு வெளியே நீண்டது. தம்பி பிழைத்தான்.

அப்புறம் எங்கள் ஊரைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். காடாம்புலியூர்ப் பக்கம் வந்தோம். அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசையையும் இடித்துவிட்டார்கள். பஸ்ஸில் போகும்போது பார்க்கிறேன், முள்தான் மண்டிக் கிடக்கிறது. வீட்டில் இப்போது கேன் தண்ணீர். அந்த அம்மாவின் பேரைக் கேட்டுவைக்கவில்லை. அந்தக் கோடையைப் பற்றி யார் பேச்செடுத்தாலும், "அந்தம்மாவுக்கு நாந்தான் தண்ணி குடுத்தேன்" என்றுதான் சாகும்வரை அம்மா சொன்னாள். நானும் அப்படித்தான் சொல்கிறேன்.