ஜன்னல் வழியே வந்த பாகங்கள்

எந்தக் கதையையும் இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்க என்னால் முடியாது. பொத்தேரியில் என்னோடு வேலை செய்கிறவர்கள் ஏதாவது ஒரு தொடரைச் சொல்லி, நடுவிலிருந்தே ஆரம்பி, முன்கதையை நாங்கள் சொல்லிவிடுகிறோம் என்பார்கள். எனக்கு மூச்சு முட்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வரவேண்டும். வந்துவிட்டால் சோறு தண்ணி இல்லாமல் கடைசிவரை போய்விடுவேன். அந்த நாட்களில் வீட்டில் என்னை யாரும் ஆள்கணக்கில் சேர்ப்பதில்லை. இது ஒரு வியாதி என்கிறார் என் கணவர். வியாதிதான். திண்டிவனத்திலிருந்து செங்கல்பட்டுப் பக்கம் போகும் காலைப் பாசஞ்சரின் பெண்கள் பெட்டியில் அம்மாவுக்குத் தொற்றி, அவளிடமிருந்து எனக்கு வந்தது.

அம்மா அப்போது செங்கல்பட்டில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அச்சரப்பாக்கத்தில் ரயில் ஏறுவாள். தினமும் போய்வருகிற பெண்களுக்கு அந்தப் பெட்டியில் ஊர்தான் பெயர். திண்டிவனத்து அக்கா, ஒலக்கூர் அக்கா, தொழுப்பேட்டு அக்கா. என் அம்மா வெறும் அச்சரப்பாக்கம். மதுராந்தகத்தில் ஏறுகிறவர் மட்டும் கடப்பாக்கத்து அக்கா. அவர் கடற்கரையிலிருந்து விடியும் முன்னே பஸ் பிடித்து வந்து ரயிலேறுவார். கூட வேலை செய்கிறவர்களுக்காகப் பையில் கருவாடு கொண்டுபோவார். அவர் கை பட்ட புத்தகத்தை மணத்தை வைத்தே, கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

தொடர் நாவல்களைப் பாகம் பாகமாக வாங்குவது திண்டிவனத்து அக்கா. அவர் முடித்ததும் அடுத்து ஏறுகிறவருக்கு, அவர் முடித்ததும் அதற்கடுத்து ஏறுகிறவருக்கு. ரயில் நிற்கிற வரிசைதான் புத்தகத்துக்கும். இடையில் புகுந்து கேட்கக்கூடாது, முடிவை வாய்தவறியும் சொல்லக்கூடாது. ரயில்கூட அவ்வளவு ஒழுங்காக ஓடியதில்லை.

அம்மா போகவர வண்டியில் படித்த பாகத்தைச் சாயங்காலம் நான் பிடுங்கிக்கொள்வேன். எனக்கு அப்போது பத்து வயது. அந்த வருஷம் ஓடிக்கொண்டிருந்தது ஒரு உப்பளக் குடும்பத்தின் கதை. நான்கு தலைமுறை, பதினொரு பாகம், பாகத்துக்கு இரண்டு கல்யாணம், ஒரு கோர்ட்டு வழக்கு. என் சொந்தக்காரர்களில் யார் யாருக்கு என்ன முறை என்று கேட்டால் விழிப்பேன். உப்பளக்காரர்கள் வீட்டில் எல்லாம் எனக்கு அத்துப்படி. பெரியவர்கள் மூடிய கதவுக்குப் பின்னால் பேசிக்கொள்ளும் பக்கங்கள் சுத்தமாகப் புரியாது. ஆனாலும் ஒரு வரியைத் தாண்டமாட்டேன்.

ஆறாம் பாகத்தின் முடிவில் மூத்த மருமகள் பெட்டியும் கையுமாக வாசலில் நின்றாள். அந்த வாரம்தான் அம்மாவின் வேலை நின்றது. தம்பிக்கு இளைப்பு. பனி இறங்கினால் மூச்சுக்குத் தவிப்பான். அப்பா நெல் அறுக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டு அறுப்பு நடக்கிற ஊர்களுக்கெல்லாம் போய்விடுவார். வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. ஒரு வருஷம் வீட்டோடு இரு, பையன் தேறினதும் போய்க்கொள்ளலாம் என்று அப்பா சொன்னார். கோபமாகவெல்லாம் சொல்லவில்லை. அம்மாவும் சரி என்றுவிட்டாள். எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. ஏழாம் பாகம் வீட்டுக்கு எப்படி வரும்?

வந்தது. அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பாசஞ்சர் வரும் நேரத்துக்கு ஸ்டேஷனுக்குப் போய் நின்றாள். வண்டி நின்றதும் தொழுப்பேட்டு அக்கா ஜன்னல் கம்பிக்கு நடுவில் புத்தகத்தை நீட்டினார். முடித்த பாகத்தை அம்மா அதே வழியாக உள்ளே கொடுத்தாள். வண்டி நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள் எல்லாம் நடந்துவிடும். வரிசையில் அவளுடைய இடம் அப்படியே இருந்தது. ஏழு, எட்டு, ஒன்பது என்று உப்பளக்காரர்கள் ஜன்னல் வழியாகவே எங்கள் வீட்டுக்கு வந்து போனார்கள்.

புத்தகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அம்மா ஸ்டேஷனுக்குப் போனாள். வேலைக்குப் போகும்போது கட்டுகிற புடவையைத்தான் கட்டிக்கொள்வாள். வீட்டிலிருந்த ஒரு நாள் அப்பா அவளைக் கண்ணாடி முன்னால் பார்த்துவிட்டு, "புக்கு வாங்கினு வர்றதுக்கு இன்னாத்துக்கு பூவு?" என்று சிரித்தார். அம்மா தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பூவை எடுக்கவில்லை.

கோடை விடுமுறையில் நானும் கூடப் போக ஆரம்பித்தேன். பத்தாம் பாகம் முடிந்து, கடைசிப் பாகத்துக்காக நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த நேரம். உப்பளம் யாருக்கு, ஓடிப்போன மகன் உயிரோடு இருக்கிறானா, மூத்த மருமகள் திரும்பி வந்தாளா, எல்லாம் அதில்தான் இருந்தது. அம்மா பார்வை என்னவோ பெட்டிக்குள்ளேயே இருந்தது. ஜன்னலோரத்தில் அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில் தொழுப்பேட்டு அக்கா தன் பையை வைத்திருந்தார். எங்கள் ஸ்டேஷன் தாண்டும்வரை வேறு யாரையும் அங்கே உட்கார விடமாட்டாராம். அதை நான் பார்த்தது உண்டு. எனக்கு வேண்டியது அந்தப் பைக்குள் இருந்ததால் பையை மட்டும்தான் பார்த்தேன்.

பதினோராம் பாகம் ஒரு திங்கட்கிழமை வந்தது. தொழுப்பேட்டு அக்கா அதைக் கம்பிக்கு வெளியே நீட்டினார். புது அட்டை பளபளத்தது. அம்மா கையை நீட்டவில்லை.

"இத மதுராந்தகத்துல குடுத்துடுங்கக்கா. எல்லாரும் படிச்சி முடிக்கட்டும். நான் கடசியா வாங்கிக்கிறேன்," என்றாள்.

நம்முடைய முறை. வரிசையில் வந்த முறை. அதைப் போய் ஒருத்தி வேண்டாம் என்பாளா? நான் எட்டிப் பிடிக்கப் பார்த்தேன். ஜன்னல் உயரம், எட்டவில்லை.

தொழுப்பேட்டு அக்கா முழித்தார். "இன்னாடி, நீதான தெனம் தெனம் கேட்டுகினு இருந்த?"

"எங்கிட்ட வந்தா முடிஞ்சிடும்க்கா," என்றாள் அம்மா மெதுவாக. "அப்பறம் நான் இன்னான்னு சொல்லிகினு இங்க வர்றது?"

வண்டி நகர்ந்தது. அந்த அக்கா கையை வெளியே விட்டு அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டார். அம்மா நாலைந்து அடி வண்டியோடு நடந்து போய், பிறகு விட்டுவிட்டாள். நான் பிளாட்பாரத்தில் நின்று ஊரே பார்க்க ஓவென்று அழுதேன். தம்பியும் காரணம் தெரியாமல் கூடச் சேர்ந்துகொண்டான். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அம்மாவுக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தேன்.

அடுத்த வாரம் இன்னொரு அநியாயம் நடந்தது. பெட்டி எங்கள் முன்னால் நின்றதும் ஒரே ஜன்னலில் மூன்று தலைகள் தெரிந்தன. திண்டிவனத்து அக்காவே ஒரு புத்தகத்தை நீட்டினார். வேறு ஒரு தொடர், முதல் பாகம். யாரும் இன்னும் பிரிக்கக்கூட இல்லை. "நீ மொதல்ல படி அச்சரப்பாக்கம். மொத்தம் இருவது பாகம் கீது," என்றார். ஒன்றை முடிக்காமல் இன்னொன்றைத் தொடங்கக்கூடாது, அதுவும் வாங்கினவருக்கு முன்னால் வேறொருவர் படிக்கவே கூடாது என்று நான் சத்தமாகச் சட்டம் பேசினேன். பெட்டியே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. துடைத்த கையாலேயே புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

உப்பளத்தின் கடைசிப் பாகம் ஊரையெல்லாம் சுற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் திறந்த பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தது. அட்டை மடங்கி, கருவாட்டு மணத்தோடு இருந்தது. அதற்குள் அந்தப் புதுத் தொடரில் அம்மா இரண்டாம் பாகத்துக்குப் போயிருந்தாள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குப்புறப் படுத்து அதை முடித்தேன். மூத்த மருமகள் திரும்பி வரவே இல்லை. தனக்கென்று எங்கோ கொஞ்சம் நிலம் பிடித்து உப்பு விளைவித்துக்கொண்டிருந்தாள். அதைச் சொல்ல எழுந்து ஓடினேன். அம்மா தம்பிக்கு வெந்நீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சொல்லாத," என்றாள். "இன்னும் கொஞ்ச நாளு போவட்டும்."

அப்பா சொன்ன அந்த ஒரு வருஷம் முடியவே இல்லை. கடையில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். ஆனால் எனக்கு நினைவு தெரிந்து அந்த ஜன்னலில் புத்தகம் வருவது நிற்கவில்லை. கதையின் முடிவைத் தெரிந்துகொள்ளத் துடிக்காத ஒரு மனுஷி உலகத்தில் இருக்க முடியுமா என்று, அவள் கையைக் காட்டி நிறுத்திய அன்றைக்கு அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் வெந்நீரை ஆற்றிக்கொண்டே இருந்தாள். பாவம், அம்மாவுக்குப் புத்தகம் என்றாலே பிடிக்கவில்லை போலிருக்கிறது, வேறு வேலை இல்லாமல்தான் தினம் ஸ்டேஷனுக்குப் போகிறாள் என்று அந்தப் பத்து வயதில் நானே ஒரு முடிவுக்கு வந்தேன்.