சர்க்கரை இறங்கிய சனிக்கிழமை

காலையில் எழுந்ததும் நான் முதலில் தொடுவது கைப்பேசியை. எங்கே தண்ணீர் வெட்டு, எந்தக் கட்சி யார் பக்கம் தாவியது, பெட்ரோல் விலை என்ன ஆகும், புகைமூட்டம் எங்கள் கிள்ளானுக்கு வருமா என்று எல்லாவற்றையும் படித்த பிறகுதான் பல் துலக்கப் போவேன். அடுத்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரத்த அழுத்தம் பார்ப்பேன். ஏறியே இருக்கும். பயத்தில் மறுபடியும் கையில் பட்டையைக் கட்டுவேன். இன்னும் ஏறும்.

கிளினிக்கில் இருந்த இளம் டாக்டர் இதைக் கேட்டுச் சிரித்தார். "மருந்தெல்லாம் சரியாத்தான் இருக்கு ஆன்டி. காலையில நியூஸ் பாக்கறத மட்டும் கொஞ்ச நாளைக்கு நிறுத்திப் பாருங்க லா."

நிறுத்தினேன். சும்மா உட்காரத்தான் முடியவில்லை. செய்தி படிக்காத கைகள் வீட்டைச் சுத்தம் செய்யக் கிளம்பின. என் கணவருக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை நோய், இன்சுலின் போட்டுக்கொள்பவர். அலமாரியில் இருந்த பிஸ்கட், கெட்டிப்பால் டின் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். கடைக்குப் போனால் அவர் வாய் திறக்குமுன் நானே சர்க்கரை போடாத தேநீர் சொல்லிவிடுவேன். அவர் அதையே குடித்துவிட்டு எழுந்துவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை, செமினியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் புறப்பட்டோம். வழக்கம்போல நான்தான் கார் ஓட்டினேன். கிளம்பும்போதே அவர் ஊசி போட்டுக்கொண்டார். ஒரு துண்டு ரொட்டியோடு எழுந்துவிட்டார்.

"சாப்பிட்டுட்டுக் கிளம்பலாமே" என்றேன்.

"அவ தோசை சுட்டு வச்சிருப்பா. ஒரு மணி நேரம்தானே. அங்க போய்ச் சாப்பிட்டுக்கறேன்."

நெடுஞ்சாலையில் பாதி தூரம் போவதற்குள் மழை கண்ணாடியை மறைத்தது. பிறகு வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் எங்கோ சாலையில் வெள்ளம். திரும்பவும் வழியில்லை. மகளுக்கு அழைத்துச் சொன்னேன்.

"காலையிலேருந்து போட்டுக்கிட்டே இருக்காங்கம்மா, அந்த ரோட்டுல போகாதீங்கன்னு. நீங்க பாக்கலையா? எங்களுக்கே நீங்கதான நியூஸ் சொல்லுவீங்க."

டாக்டர்மேல் கோபம் வந்தது. மழைமேல் வந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, நகராத வண்டிகளையே பார்த்திருந்தேன்.

என் கணவர் பேச்சை நிறுத்தி நேரமாகியிருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன். குளிரூட்டி ஓடியும் நெற்றியெல்லாம் வியர்வை. கை நடுங்கியது.

"என்னங்க, சுகர் இறங்குதா?"

"ஸ்டேசன் வந்துருச்சா?" என்றார். குரல் குழறியது. எந்த ஸ்டேசனைச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

டேஷ்போர்டில் இருந்த சிறு அறையைத் திறந்தேன். அதில் எப்போதும் அவருடைய மிட்டாய்ப் பொட்டலம் ஒன்று இருக்கும். இப்படி ஆகும் நேரத்துக்கென்றே வைத்திருந்தாராம். அவர் ஆசைக்குத் தின்கிறார் என்று நினைத்து அந்த வாரம்தான் நான் அதைத் தூக்கிப் போட்டிருந்தேன். உள்ளே கண்ணாடி துடைக்கும் துணியும் காரின் காப்புறுதிச் சீட்டும் மட்டும் இருந்தன. என் கைப்பையில் வெறும் தண்ணீர்.

குடையை எடுக்கக்கூடத் தோன்றாமல் மழையில் இறங்கினேன். முதல் காரில் இருந்தவர் கண்ணாடியை இறக்கவில்லை. பக்கத்துத் தடத்தில் நின்ற வேனில் ஒரு மலாய்ப் பெண், பின்னால் பிள்ளைகள். கணவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது, இனிப்பாக ஏதாவது இருக்கிறதா என்று மலாயில் கேட்டேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் ஒரு பிள்ளையின் கையில் இருந்த சாக்லெட் பால் பெட்டியை வாங்கி, "அம்பில், காக்", எடுத்துக்கங்க அக்கா என்று என்னிடம் நீட்டினார். பிள்ளை அழ ஆரம்பித்தது. அந்தப் பெண்ணும் என்னோடு இறங்கி வந்தார்.

பெட்டியின் உறிஞ்சுகுழாயைக் கணவரின் உதட்டில் வைத்துப் பிடித்தேன். முதலில் உறிஞ்சத் தெரியாதவர்போல விழித்தார். பிறகு குடித்தார். அந்தப் பெண் அவர் தோளைத் தட்டித் தட்டி, "பெலான்-பெலான், பாக்சிக்" என்று, மாமா முறை வைத்து, மெதுவாகக் குடிக்கச் சொல்லிக்கொண்டே நனைந்தார்.

கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்துக்கு அவரே திரும்பி வந்தார். என்னைப் பார்த்து, "ஏன் இப்படி நனைஞ்சிருக்கே?" என்றார்.

நான் அழுதேன். அந்தப் பெண் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு, அழும் பிள்ளையைப் பார்க்க ஓடினார். பாதை திறந்ததும் அவருடைய வேன் வேறு பக்கம் திரும்பிவிட்டது. சரியாக நன்றிகூடச் சொல்லவில்லை.

"மிட்டாயைச் சொல்லிட்டாவது தூக்கிப் போட்டிருக்கலாம்" என்று பிறகு வழியில் கணவர் சொன்னார். கோபமாக இல்லை. "எதுக்குன்னு நீங்களாவது சொல்லியிருக்கலாம்" என்றேன் நான். அவர் பிஸ்கட் தின்னும் சத்தம் எனக்கு ஆறுதலாக இருந்தது.

மகள் வீட்டில் சூடாகத் தோசை சாப்பிட்டார். நடந்ததைக் கேட்ட மகள் எங்கள் இருவரையும் சேர்த்தே திட்டினாள். நான் அவருக்கு எதிரே நின்று நெற்றியில் வியர்வை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உக்காந்து சாப்பிடு. நான் எங்கயும் போகல" என்றார்.

உட்கார்ந்தேன். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். மழை விட்டதா என்று பார்க்க மறுபடியும் எழுந்து வாசலுக்குப் போனேன்.