கட்டைவிரல் பதிந்த செங்கல்

என் அண்ணன் பக்கத்தில் வந்தாலே எனக்குக் குமட்டும். கூடப் பிறந்தவரைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்று கேட்பவர்கள், ஊர்ச் சாக்கடையெல்லாம் போய்ச் சேரும் அந்த நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்து கேட்கட்டும்.

அங்கே கழிவைப் பிழிந்து, உலர்த்தி, உலையில் எரிப்பார்கள். பதினெட்டு வருடம் அண்ணன் அந்தச் சாம்பலை வாரினார். வலது கட்டைவிரலின் நுனி அங்கேதான் ஒரு இயந்திரத்தில் போயிற்று. பிறகு அந்தச் சாம்பலைக் களிமண்ணோடு பிசைந்து செங்கல் சுடும் சூளை ஒன்று பக்கத்திலேயே வந்தது. அவரை அங்கே மாற்றினார்கள்.

"ரெண்டு தடவை நெருப்புல வெந்துடுதுடா. நாத்தமும் இல்ல, கிருமியும் இல்ல" என்பார். வெந்தால் என்ன, எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா?

அவருக்கென்றே எங்கள் வாடகை வீட்டில், கேட்டுக்கு வெளியே, ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. அவர் எழுந்ததும் என் மனைவி அதன்மேல் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவாள். அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருக்கக்கூட மாட்டாள். நானும் ஒன்றும் சொன்னதில்லை.

சொந்த வீடு கட்ட ஆரம்பித்தபோது அண்ணனிடம் மூச்சு விடவில்லை. கல் வாங்குவதைக் கொத்தனாரிடம் விட்டேன். வந்த கல் நல்ல சிவப்பு, தட்டினால் கணீரென்றது. சமையலறைச் சுவர் இடுப்பளவு எழும்பியதும் பெருமையாகத் தடவிப் பார்த்தேன். ஒரு கல்லின் பக்கவாட்டில் சின்னக் குழி. அடுத்ததிலும். எல்லாவற்றிலும் நுனி இல்லாத ஒரு கட்டைவிரல்.

சாம்பல் கலந்த கல் அடையாளம் தெரிவதற்காக, ஈரமாக இருக்கும்போதே விரலால் அழுத்தி வைப்பது அந்தச் சூளையில் வழக்கம். அண்ணன்தான் எப்போதோ சொல்லியிருக்கிறார்.

சோறு பொங்கும் இடத்தில் ஊரார் கழிவு. மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, "இடிங்க" என்றேன்.

"நல்ல கல்லு சார்" என்று கொத்தனார் தலையைச் சொறிந்தார்.

"இடிங்கன்னேன்ல."

சம்மட்டி விழுந்ததும் ஈரச் சிமெண்ட் பிடி விட்டது. கல் முழுசாகக் கழன்று வந்தது. எரிச்சலில் அதைப் பிடுங்கி வாசலுக்கு வீசினேன். அப்போதும் உடையவில்லை. அங்கே அண்ணன் நின்றிருந்தார்.

குனிந்து எடுத்து மண்ணைத் தட்டினார். "உடையாதுடா. லோடு சீட்டுல உன் பேரப் பாத்தேன். நல்லா வெந்த கல்லாப் பாத்து நானே பொறுக்கி ஏத்தினேன்."

அப்புறம்தான் சம்மட்டியைப் பார்த்தார். என் ஈரக் கையையும் பார்த்தார். கல்லைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

"என் நாற்காலிய இன்னும் இங்க கொண்டு வரலையா?" என்று கேட்டார். குரலில் கிண்டல் இல்லை. நடந்து வந்த களைப்புதான்.

என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது. 'உள்ள வாங்கண்ணே' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாய் வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய் அந்த நாற்காலியைக் கொண்டுவந்து போட்டேன். கேட் வரப்போகும் இடத்துக்கு வெளியேதான்.