பர்மா புத்தரின் விபூதி

என் கணவர் மத்திய அரசு அலுவலகத்தில் கோப்புகளைப் பார்க்கிறவர். நான் பழங்காலச் சிலைகளையும் பீங்கான்களையும் வாங்கி விற்கிறவள். இதில் தூசி அதிகம் படியும் உத்தியோகம் யாருடையது என்று டெல்லிக்கு வந்த நாளிலிருந்து எங்களுக்குள் வாக்குவாதம். கடை தனியாகக் கிடையாது, வீட்டின் முன்னறைதான். நேபாளத்துத் தாரா தேவியும் சீனத்து ஜாடியும் அங்கே ஒரே அலமாரியில் சண்டையில்லாமல் குடியிருந்தார்கள். உரிமம், பதிவுச் சான்றிதழ் எல்லாம் உண்டு. இந்த ஊரில் வாடகைக்கு வருகிறவர்களைவிட நூறு வயது தாண்டிய சாமிகளுக்குத்தான் காகிதம் அதிகம் வேண்டும்.

பொருள் வந்தவுடன் உடைசல், ஒட்டு இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வைத்துவிடுவேன். வாங்க ஆள் கிடைத்த பிறகுதான் பூதக்கண்ணாடியோடு உட்காருவேன். காது மடலில், சேலை மடிப்பில் என்ன ஒட்டியிருக்கிறது என்று ஆராய்ந்து, ஓர் அட்டையில் அதன் சரித்திரத்தை எழுதுவேன். சந்தனமோ குங்குமமோ தென்பட்டால் ‘வழிபாட்டில் இருந்தது’ என்று ஒரு வரி சேரும். அந்த வரியைப் படித்தால் வாங்குகிறவர் முகம் மலர்ந்துவிடும். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

என் அட்டைகளை வேதவாக்காக எடுத்துக்கொண்டவன் ஓர் இளைஞன். டெல்லியிலேயே பிறந்த தமிழன், குருகிராமில் நிதி நிறுவன வேலை. பர்மாவிலிருந்து வந்த மரப் புத்தர் ஒன்றை என்னிடம் வாங்கியிருந்தான். அதன் நெற்றி விரிசலில் விபூதி இருந்தது. ‘ரங்கூனில் வியாபாரம் செய்த தமிழர் வீட்டில் இருந்திருக்க வேண்டும்’ என்று அட்டையில் எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கே புல்லரித்தது. வீட்டுக்கு வரும் விருந்தாளி ஒருவரையும் விடாமல் அவன் அந்தக் கதையைச் சொல்வானாம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, தாராவை வாங்க வந்தான். எழுதி வைத்திருந்த அட்டையையும் பூதக்கண்ணாடியையும் கையில் கொடுத்தேன்.

“பாருப்பா, காதுக்குப் பின்னால குங்குமம். நேபாளத்துல ஏதோ ஒரு வீட்டுல தலைமுறை தலைமுறையா பூஜை பண்ணியிருக்காங்க.”

அவன் சிலையை மூக்கருகே கொண்டுபோனான். “அச்சா... ஆனா ஆன்ட்டி, ஜவ்வாது வாசனை வருதே. நேபாள்ல ஜவ்வாது போடுவாங்களா?”

காபித் தட்டோடு உள்ளே வந்த என் கணவர், வந்த வேகத்திலேயே சமையலறைப் பக்கம் திரும்பினார். முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அந்த முதுகே போதும்.

“என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க.”

வந்தார். “வெள்ளிக்கிழமை மட்டும்தாம்மா. நீ ஜெய்ப்பூர், ஆக்ரான்னு பொருள் பாக்கப் போயிடற. வீட்டுக்கு வந்த அம்பாள் ஒரு பொட்டுகூட இல்லாம உக்காந்திருந்தா மனசு கேக்கல. நீ திட்டுவியேன்னு அப்புறம் ஈரத்துணியால துடைச்சுடுவேன்.”

அரசாங்க வேலை மாதிரியே துடைத்திருக்கிறார். மேலே பளிச்சென்று இருந்தது, மடிப்புகளில் எல்லாம் நிலுவை. அதைத்தான் நான் சரித்திரம் என்று படித்திருக்கிறேன்.

இளைஞன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சட்டென்று நிறுத்தினான். “அங்கிள், அப்போ என் புத்தர்?”

“அவருக்கு விபூதி வெச்சேன்” என்றார் கணவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல். “நெத்தி நல்லா அகலமா இருந்துச்சு.”

என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. அவரைத் திட்டலாம் என்றால் கதையைக் கட்டியது அவர் இல்லை. ரங்கூனையும் வியாபாரியையும் கொண்டுவந்தது நான்தான். வெட்கத்தில் காது சுட்டது.

“புத்தரைக் கொண்டு வந்துடுப்பா, நானே திருப்பி எடுத்துக்கறேன்” என்றேன்.

“வேணாம் ஆன்ட்டி, எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனா எங்க ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே” என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

தாராவின் அட்டையைக் கிழித்துப் போட்டேன். புதிதாக ஒன்றை எடுத்து, சான்றிதழில் உள்ள வயதை எழுதினேன். அதன்கீழ், ‘குங்குமமும் ஜவ்வாதும் என் கணவர் டெல்லியில் வைத்தவை. முன்பு வழிபாட்டில் இருந்ததா, தெரியாது’ என்று எழுதிக் கொடுத்தேன். தெரியாது என்று ஓர் அட்டையில் நான் எழுதியது அதுதான் முதல் தடவை.

அவன் இரண்டு முறை படித்தான். சிலையை வாங்கிக்கொள்கிறேன் என்றான். பிறகு அட்டையை என் பக்கமே நீட்டினான்.

“ஆன்ட்டி, இதுல ஒரு ஸைன் போட்டுக் குடுங்களேன்.”

ஆறு வருஷமாக என்னிடம் வாங்குகிறான். கையெழுத்துக் கேட்டது அன்றைக்குத்தான். போட்டுக் கொடுத்தேன்.