தன் குரலை உருவிக்கொண்டு வந்தவள்

திருடிக்கொண்டு ஓடிவந்தவள் என்றா சொல்கிறார்கள்? சோளக்காடு பஸ் ஸ்டாண்டில் பஸ் வருவதற்குள் ஒருத்தியின் பிழைப்பையே நாறடித்துவிடுவாள் பழக்கடைப் பாப்பாத்தி. சுகுணா எடுத்துவந்தது அடுத்தவன் பொருள் இல்லை சாமி, அவள் தொண்டை.

மலைமேல் வளப்பூர் நாட்டில் மிளகுக்கொடி வைத்திருக்கிற குப்புசாமியின் மகள் அவள். பெங்களூரில் தையல் கம்பெனிக்குப் போன இடத்தில், ஓட்டலில் சாக்ஸபோன் வாசிக்கிற அருணாசலம் அவள் பாடுவதைக் கேட்டுவிட்டு ஜாஸ் பாடக் கூட்டிப்போனார். தாளம் முன்னால் போக, குரல் அவசரமில்லாமல் பின்னால் வந்து சேர்கிற பாட்டு அது. சாமை அடிக்கும்போது கோல் விழுந்த பிறகுதானே நம் பெண்கள் குரல் எடுப்பார்கள்? அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அங்கே ஸ்டுடியோ வைத்திருந்த சேலத்துக்காரன் முரளி அவளை வைத்து எட்டுப் பாட்டுப் பதிந்தான். ரெக்கார்டு வெளியானபோது, பாடியவர் என்று அவன் பெண்டாட்டி தேன்மொழி பேரும் படமும்தான் இருந்தது.

"ஏனுங்க, பாடுனது நானுங்களே?"

"மலைக்காரி பேரைப் போட்டா எவன் கேப்பான்? பாடறது உன் வேலை. மிச்சமெல்லாம் மெஷின், அது உனக்குப் புரியாது."

"சரிங்க" என்றாள். அந்தச் சரிங்கவில் இருந்த விஷம் அவனுக்குத் தெரியவில்லை.

மூன்று வருஷம் சிரித்த முகமாகவே இருந்தாள். ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் அவன் வீட்டுக்கு மலைவாழைத் தார்கூடத் தூக்கிப்போனாள். மைக்கை எங்கே வைப்பது, எந்தச் சத்தத்தை ஏற்றுவது, எதை இறக்குவது, எல்லாம் பார்த்துப் பார்த்துப் படித்தாள். கடைசியில் மற்றவர்களின் ரெக்கார்டை முழுசாகத் தயாரித்துக் கொடுத்ததும் அவள்தான். தயாரிப்பு முரளி என்று அவன் போட்டுக்கொண்டான். அதையும் மனசில் முடிந்து வைத்தாள்.

தேன்மொழி பேரில் இரண்டாவது ரெக்கார்டு தயாரானது. மறுநாள் பெரிய ஓட்டலில் வெளியீட்டு விழா.

"இதுலயாச்சும் எம் பேரு போடுவீங்களா?"

அவன் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

கூட்டு வெள்ளாமை செய்தவர்கள் மனசு கசந்து பிரிந்தால், போகிறவர் தான் போட்ட விதையளவு அளந்து எடுத்துக்கொள்வார். அடுத்தவர் பங்கில் ஒரு மணி தொடமாட்டார். சுகுணாவும் அப்படித்தான் செய்தாள். புது ரெக்கார்டின் பதினோரு பாட்டிலும் குரல் தனி, வாத்தியம் தனி என்று பதிந்திருந்தது. தன் குரலை மட்டும் எடுத்துக்கொண்டு, மெஷினில் இருந்ததையும் அலமாரியில் இருந்த காப்பியையும் அழித்தாள். வாத்தியம் ஒன்றிலும் கைவைக்கவில்லை.

முரளி வந்து போட்டுப் பார்த்தான். சாக்ஸபோன் கேட்டது, பியானோ கேட்டது. பாட்டைக் காணோம்.

"சுகுணா! குரல் எங்க?"

"தேன்மொழி அக்கா பாடுனதுதானுங்களே? அக்காளைக் கேளுங்க."

அவன் இறங்கி வந்தான். "நாளைக்கு எல்லாரும் வர்றாங்க, கண்ணு. உம் பேரே போடறேன். பெருசாப் போடறேன்."

"சத்தமாச் சொல்லுங்க. உள் ரூம்ல இருக்கற அக்காளுக்கும் கேக்கட்டும்."

சத்தமாகவே சொன்னான். இன்னொரு தரமும் சொல்ல வைத்தாள். நிதானமாகக் கேட்டுக்கொண்டாள்.

"இப்ப வேண்டாமுங்க. வாரேனுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு, வெளிச்சத்தம் புகாமல் பஞ்சு வைத்துத் தைத்த கனமான கதவைத் திறந்து வெளியே நடந்தாள். சாத்தவில்லை. ரோட்டு ஹாரன் சத்தம் மொத்தமும் ஸ்டுடியோவுக்குள் புகுந்தது.