வீரமணியின் சொந்த ஊர்

“ஆத்தூர்ப் பக்கங்க நமக்கு,” என்று டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் அளந்துகொண்டிருந்தார் வீரமணி. முன் சீட்டில் சாலம்மாள் பல்லைக் கடித்தாள். காலையில்தான் கச்சிராயபாளையம் உரக்கடையில் திட்டக்குடி என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். போன வாரம் டீக்கடையில் திருக்கோவிலூர்.

புருஷனும் பெண்டாட்டியும் வானத்துக்கு அப்பாலிருந்து ஏழு சூரியப் பேரரசு அனுப்பிய ஒற்றர்கள். ஓய்வு பெற்றதும் கச்சிராயபாளையம் பிடித்துப்போய், கோமுகி அணைத் தண்ணீரில் கரும்பு போட்டுக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டார்கள். ஒரே கேள்விக்கு ஒரே பதிலை இரண்டு தடவை சொல்லக் கூடாது என்பது பேரரசின் முதல் பாடம். மகள் அபிநயா பிறந்த அன்றே சாலம்மாள் அதைத் தலைமுழுகிவிட்டாள். இவர் விட்டபாடில்லை. பால் வாங்கப் போனால்கூட ஒரு தெரு வழியாகப் போய் வேறு தெரு வழியாகத்தான் திரும்புவார்.

“உங்களுக்கு வாய்ல சனி ஒக்காந்துக்கினு இருக்குது,” என்பாள் சாலம்மாள்.

“இன்னா பண்றது சாலா, பழகிப்போச்சி,” என்று இளிப்பார். அந்த இளிப்பைப் பார்த்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அபிநயாவுக்கு நைனார்பாளையத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பெண்ணுக்கும் பையனை ரொம்பப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் வழக்கப்படி ஊருக்குள் வந்து விசாரித்தார்கள். கடைக்கு ஒரு ஊர் சொல்லி வைத்திருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மறுநாளே மாப்பிள்ளையின் தாய்மாமன் தமிழ்வேந்தன் நாலு பெரியவர்களோடு வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“தப்பா நெனைக்காதீங்க. ஆளுக்கு ஒரு ஊரு சொல்லிக்கினு இருக்கீங்க. எங்கனா இன்னொரு குடும்பம் இருக்குதா?”

உள்ளே அபிநயா அழ ஆரம்பித்துவிட்டாள். காபித் தட்டுடன் நின்ற சாலம்மாளுக்குப் புருஷனை அங்கேயே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது. “வாயத் தொறந்து ஒரே ஒரு ஊரச் சொல்லுங்களேன்! பொண்ணு வாழ்க்கைங்க இது!”

வீரமணி வாயைத் திறந்தார். “கச்சிராயபாளையந்தாங்க. எங்களுக்கு வேற ஊரு இல்லீங்க.”

தமிழ்வேந்தன் லேசில் விடுகிற ஆளில்லை. காபியை ஆற்றிக் குடித்துவிட்டு, போகிறபோக்கில் மறுபடி கேட்டார். “எந்த ஊருன்னு சொன்னீங்க?”

வீரமணியின் நாக்கு நுனியில் ஆத்தூர் வந்து நிற்பது சாலம்மாளுக்குத் தெரிந்தது. அவர் நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது.

“கச்சிராயபாளையங்க,” என்றார் வீரமணி, இரண்டாம் தடவையும்.

சாலம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை பேர் பார்க்க, முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள்.