நீலத் துணிக்குப் பின்னால் பாடியவள்

வெள்ளிக்கிழமை விடியற்காலை மட்டக்களப்பில் பஸ் ஏறினேன். கரையோரமாகத் திருகோணமலைக்குப் போவதென்றால் பொறுமை வேண்டும். வெருகலில் பாதைக்குக் காத்திருக்க வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது பஸ்ஸையும் மாட்டுவண்டியையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் மிதவையை. இந்த முறை ஒரு காளை ஏறமாட்டேன் என்று அடம்பிடித்ததில் எல்லோரும் வெயிலில் காய்ந்தோம். மூதூரை அடைந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. அங்கிருந்து கொட்டியாரக் குடாவைக் கடக்க லோஞ்சு, அதாவது மோட்டார்ப் படகு.

மூதூர் இறங்குதுறையில் நசீர் காத்திருந்தான். கிண்ணியாக்காரன், இப்போது மூதூரில் துணிக்கடை வைத்திருக்கிறான். அறுபதுகளின் கடைசியில் திருகோணமலையில் ஒரே கல்லூரியில் படித்தோம். நான் கிற்றார், அவன் பொங்கோஸ் மேளம். அந்த நாளில் அந்த ஊரில் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. கல்லூரி கார்னிவலோ கலியாண வீடோ, எங்கே போனாலும் ஒரு வாத்தியக் குழு நிற்கும். துறைமுகத்துக்கு வரும் கப்பல்காரர்களிடம் பழைய இசைத்தட்டு வாங்கி, அந்த மெட்டுக்குத் தமிழில் வரி கட்டிப் பைலா என்ற துள்ளல் பாட்டாக அடித்துவிடுவோம். நன்றாக வாசித்தோம் என்று சொல்லமாட்டேன். சத்தமாக வாசித்தோம்.

எங்களுக்குக் கூட்டம் சேர்ந்தது புஷ்பத்தால். பக்கத்துப் பெண்கள் கல்லூரி மாணவி. பையன்களோடு மேடையில் நின்றால் நாளைக்கு யார் கலியாணம் கட்டுவார் என்று அவளுடைய தாய் பயந்தார். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். மேடை ஓரத்தில் கயிறு கட்டி ஒரு நீலப் படுக்கை விரிப்பைத் தொங்கவிடுவோம். அதற்குப் பின்னால் நின்று அவள் பாடுவாள். பெயரை யாருக்கும் சொல்லக்கூடாது. நானும் நசீரும் தாயின் கையில் அடித்துச் சத்தியம் செய்தோம். எங்கள் மட்டக்களப்பு வாவியில் மீன் பாடும் என்பார்கள், அந்த மீனைக் கண்டவர் இல்லை. புஷ்பத்தின் கதையும் அப்படித்தான் இருந்தது.

சனிக்கிழமை மாலை கல்லூரியில் பழைய மாணவர் ஒன்றுகூடல். அதில் அவளைப் பாடவைக்கத்தான் இந்தப் பயணம்.

"மச்சான், ஒரு கரைச்சல் இருக்கு," என்றான் நசீர், லோஞ்சு குடாவின் நடுவுக்கு வந்ததும். "அண்டைக்குப் பாடினது அவதான் எண்டு அவட புருஷனுக்கு இன்னும் தெரியாதாம். போய் வாயை விட்டிராத. நான் அவரோட கதைச்சுக்கொண்டிருக்கிறன், நீ மெல்லமாக் கேள்."

திருகோணமலைப் பட்டணத்துக்கு அடுத்த உப்புவெளியில் கடற்கரைக்குக் கிட்ட வீடு. புஷ்பத்தின் கணவர் சிவராசா துறைமுக அலுவலகத்தில் கிளாக்கர். கதிரை போட்டு இருத்தினார். நான் வாத்தியார் என்று அறிந்து, எந்தக் கல்லூரியில் எந்தக் காலம் படித்தோம் என்று விசாரித்தவரின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப நீங்கள்தான் அந்தக் குழுவோ! நான் ஒரு கார்னிவலும் விடேல்லை மாஸ்டர். திரைக்குப் பின்னால ஒரு பிள்ளை பாடுமே, ஆர் அது?"

தேநீரோடு வந்த புஷ்பம் வாசலிலேயே நின்றுவிட்டாள். நசீர் கூரையைப் பார்த்தான். "அது கன காலமாச்சுது, ஞாபகமில்லை," என்று உளறினேன். என் பொய் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

தண்ணீர் குடிக்கும் சாட்டில் குசினிக்குப் போய், வந்த விஷயத்தைச் சொன்னேன்.

"ஏலாது அண்ணா," என்றாள். "கலியாணத்துக்கு முதல் சொல்லியிருக்கவேணும், அம்மா விடேல்லை. இவ்வளவு காலம் மறைச்சுப்போட்டு இப்ப மேடையில ஏறினா அவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார்?" அடுப்பு விறகைத் தள்ளிவிட்டாள். "பாட ஆசை இல்லையெண்டு மட்டும் நினைக்காதேங்கோ."

தேநீரைக் குடித்துவிட்டு விடைபெற்றோம்.

பஸ் நிற்கும் இடம்வரை சிவராசா கூடவே வந்தார். வீடு கண்ணுக்கு மறைந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"பாவம் மாஸ்டர், உங்களுக்கு வேர்த்து ஒழுகுது. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"முற்றம் கூட்டேக்க அந்தப் பாட்டுகளை முணுமுணுப்பா. கலியாணம் கட்டின புதுசிலயே பிடிச்சிட்டன். அந்தக் குரலை நான் மறப்பனோ? அவவாச் சொல்லட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

"நீங்கள் சொன்னால் என்ன?"

"நான் சொன்னாக் கள்ளம் பிடிபட்ட மாதிரி இருக்கும். அவ சொன்னாத்தான் அவவுக்கு நிம்மதி. நாளைக்கு ஒன்றுகூடல் எண்டு நசீர் சொன்னார், அவவைக் கூட்டிக்கொண்டு வாறன். நீங்கள் அந்தத் துணியைக் கட்டி வையுங்கோ. மிச்சம் அவட விருப்பம்."

சனிக்கிழமை நசீர் பட்டணத்தில் நீலத் துணி வாங்கிவந்தான். துணிக்கடைக்காரன் இன்னொருவன் கடையில் துணி வாங்க நேர்ந்த கவலை அவன் முகத்தில் தெரிந்தது. கல்லூரி மண்டபத்தில் பழையபடி கயிறு கட்டினோம்.

பின்னேரம் கணவனும் மனைவியும் வந்தார்கள். துணியைக் கண்டதும் புஷ்பம் நின்றாள். என்னைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். "முன்னுக்கு இடம் கிடக்கு, நான் போய் இருக்கிறன்," என்று சொல்லிவிட்டு அவர் தனியே நடந்தார். அவள் மேடையின் பக்கவாசலால் ஏறித் துணிக்குப் பின்னால் போனாள்.

நாங்களே கட்டிய பழைய பாட்டு, துறைமுகத்து விளக்குகளைப் பற்றியது. முதல் அடியிலேயே மண்டபம் அடங்கிப்போயிற்று. இரண்டாம் சரணம் வந்தபோது துணி விலகியது. ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடி புஷ்பம் முன்னுக்கு வந்து, கணவர் இருந்த பக்கத்தைப் பார்த்துப் பாடினாள். சனம் எழுந்து கைதட்டியது. சிவராசா மட்டும் எழும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

ஞாயிறு காலை எங்களை வழியனுப்ப இருவரும் லோஞ்சுத் துறைக்கு வந்தார்கள்.

"கேட்டீங்களே அண்ணா," என்றாள் புஷ்பம், கோபமும் சிரிப்புமாக. "முழுச் சனத்துக்கும் முன்னால நான் வெளியில வந்து நிக்கிறன், இந்த மனுசன் கண்ணை மூடிக்கொண்டு இருக்குது!"

லோஞ்சு கிளம்பும் சத்தத்துக்கு மேலாகச் சிவராசா சொன்னது எனக்கும் கேட்டது.

"முகத்தை ஒவ்வொரு நாளும் பாக்கிறன்தானே. பாட்டைத்தான் இவ்வளவு காலமும் காணேல்லை."